தன்னார்வமா, வெட்டியா?

கல்லூரி திறக்கிற மாசத்தில் நம்ம பக்கத்துக் காலனிகளிலிருந்து சில பிள்ளைகளாவது பையைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிறார்கள். வெம்பக்கோட்டையில் பஸ் ஏறினால் சிவகாசி. பல்கலைக்கழகம் என்றால் அங்கிருந்து இன்னொரு பஸ், மதுரைக்கு. அம்மா பயராபீசில், அப்பா காட்டுவேலையில் அல்லது தீப்பெட்டியில். அடுத்த வருஷம் தீபாவளி சீசனில் பார்த்தால், போனவர்களில் சிலர் காலை வேனில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் தூக்குவாளி. என்னாச்சு தாயி என்று கேட்டால் ஒரே பதில்தான்: "படிப்பு ஏறல." ஊர் அதை நம்புகிறது. கல்லூரியும் நம்புகிறது. கொடுமை என்னவென்றால், அந்தப் பிள்ளையே நம்பிவிடுகிறது.

ஏறாதது படிப்பா?

பிளஸ் டூவில் அம்புட்டு மார்க் வாங்கின பிள்ளைக்கு மூன்று மாசத்தில் மூளை எங்கே போனது? போனது மூளை இல்லை. ஸ்காலர்ஷிப்புக்கு எந்தத் தேதிக்குள் எழுதிப்போட வேண்டும், இன்டர்னல் மார்க்கை யார் எப்படிப் போடுகிறார்கள், அரியர் விழுந்தால் அடுத்த பரீட்சைக்கு எப்போது பணம் கட்டணும், இங்கிலீஷில் நடத்துகிற பாடத்துக்குத் தமிழில் எந்தப் புத்தகம் உதவும், எந்த வாத்தியாரிடம் போய் 'எனக்குப் புரியலை சார்' என்று சொல்லலாம் - இதெல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் அச்சாகி இருக்காது. ஆதிக்க சாதி வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்ல ஒரு பெரியப்பா இருக்கிறார், ஒரு அத்தை மகன் இருக்கிறான். அவர்களுக்குத் தகவல் ரத்தத்திலேயே வருகிற மாதிரித் தெரியும். உண்மையில் அது போனில் வருகிறது. நம் பிள்ளைக்குப் போன் இருக்கிறது. போட்டால் எடுத்துப் பதில் சொல்ல அந்தப் பக்கம் ஆள் இல்லை. யாருக்கு யார் போன் போட முடியும் என்பதிலும் சாதி இருக்கிறது, தோழர்களே.

இந்த இடத்தில்தான் துறை மாணவர் மன்றத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள்.

ஜெர்மனியில் பல்கலைக்கழகத் துறைகளில் 'ஃபாக்ஷாஃப்ட்' என்று ஒன்று உண்டு. அந்தத் துறையில் படிக்கிற எல்லா மாணவரும் சேர்ந்தது அது. அதிலிருந்து சில மாணவர்கள் சம்பளமில்லாமல் மன்ற வேலையைப் பார்க்கிறார்கள். புதுசாக வருகிறவர்களுக்கு முதல் வாரம் முழுக்க எல்லாவற்றையும் சுற்றிக்காட்டுவது, பழைய பரீட்சைத் தாள்களைச் சேர்த்து வைத்துக் கேட்டவருக்குக் கொடுப்பது, பரீட்சையில் தகராறு வந்தால் மாணவனோடு கூடப்போய்ப் பேசுவது, துறைக் கமிட்டிகளில் மாணவர் தரப்பைச் சொல்வது என்று அவர்கள் வேலை போகிறது. புதிய பேராசிரியரை எடுக்கிற குழுவிலும் மாணவருக்கு இடம் உண்டு. அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. வீட்டிலிருந்து முதல்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு இல்லாத பெரியப்பா வேலையை, அந்தத் துறையே பொதுவில் ஏற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு அது ஒரு சாட்சி. அம்புட்டுத்தான்.

நம்மிடமும் மன்றம் இருக்கிறது. தமிழ் மன்றம், வரலாற்று மன்றம், வணிகவியல் மன்றம் என்று துறைக்கு ஒன்று. ஜூலை, ஆகஸ்டில் தொடக்க விழா. பிளக்ஸ் பேனர், குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரை, குரூப் போட்டோ. மார்ச்சில் நிறைவு விழா, இன்னொரு பொன்னாடை. இடைப்பட்ட எட்டு மாசத்தில் அந்த மன்றம் எங்கே இருந்தது? ஒரு பிள்ளை ஹால் டிக்கெட் கிடைக்காமல் ஆபீஸ் வாசலில் நின்றபோது செகரட்டரி எங்கே? நாற்காலி போடவும், கோலம் போடவும், வாத்தியார் வீட்டு விசேஷத்துக்கு ஆள் சேர்க்கவும் இருக்கிற மன்றத்தை மாணவர் மன்றம் என்று எதற்குச் சொல்லணும்?

ஒரு துறைக்குள் கேட்பதற்கு ஆள் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடம் பெயர்கள் இருக்கின்றன. சேலம் மாவட்டத்திலிருந்து போன செந்தில்குமார் அதில் ஒருவர். பன்றி வளர்க்கிற பன்னியாண்டி சாதியில் பிறந்து, ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் பிஎச்.டி. சேர்ந்தவர். அந்த உயரத்துக்கு ஏறிப்போன பிள்ளைக்குக் 'கைடு' ஒதுக்கப்படவில்லை. ஒரு தாள் தவறிப்போனது என்று உதவித்தொகையும் நின்றது. 2008 பிப்ரவரியில் விடுதி அறையில் பிணமாகக் கிடந்தார். போராட்டம் நடந்த பிறகு பேராசிரியர் வினோத் பவராலா தலைமையில் ஒரு குழு விசாரித்தது. துறையின் விதிகள் தெளிவாக இல்லை, முன்னுக்குப் பின் மாறியிருக்கின்றன, தலித்/பழங்குடி மாணவர்கள் தங்களுக்கு எதிராகவே துறை நடக்கிறது என்று உணர்கிறார்கள் என்று அந்தக் குழு எழுதியது. நாம் கேட்பது இதுதான். 'இந்த வருஷம் சேர்ந்தவர்களில் யாருக்கெல்லாம் இன்னும் கைடு இல்லை, ஏன் இல்லை?' இதைக் கேட்க விஞ்ஞானம் வேண்டாம். ஒரு காகிதமும் பேனாவும் போதும். கூட நாலு மாணவர்கள் போதும். துறைக்குள் அந்த நாலு பேருக்கு உரிமையுள்ள இடம் இருந்திருந்தால், கேள்வி சாவுக்கு முந்தியே கேட்கப்பட்டிருக்கும்.

அதே வளாகத்தில்தான் அம்பேத்கர் மாணவர் சங்கம் 1993இலிருந்து இயங்குகிறது. நிர்வாகம் கொடுத்த மன்றம் இல்லை அது. பிள்ளைகள் தாங்களே கட்டினது. அதில் இருந்தவர்தான் ரோகித் வெமுலா. 2015 ஜூலையிலிருந்து அவருடைய உதவித்தொகை நின்றது. 2016 ஜனவரியில் மற்ற நாலு பேரோடு விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அந்த ஐந்து பேரும் வளாகத்தின் நடுவில் ஒரு சேரியை, 'வெலிவாடா'வை, எழுப்பி அதில் படுத்தார்கள். ஜனவரி 17 அன்று ரோகித் போய்விட்டார். அவர் எழுதி வைத்த கடைசிக் கடிதத்தை உலகமே படித்தது. அதில் உள்ள நட்சத்திரங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதினார்கள். வங்கியில் கணக்கெழுதிப் பிழைக்கிற நமக்குக் கண்ணில் குத்தியது அதில் இருந்த கணக்கு: ஏழு மாச உதவித்தொகை, 1 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய் வரவேண்டியிருக்கிறது, அதை வாங்கி வீட்டுக்குக் கொடுங்கள், நண்பருக்குப் பட்ட கடனை அதில் தீருங்கள். சாகப்போகிறவன் எழுதின கடிதத்தில் ஸ்காலர்ஷிப் பாக்கி! ஒரு தேசம் இதைவிட வேறென்ன அசிங்கப்பட வேண்டும்?

பிள்ளைகள் தாங்களே கட்டுகிற சங்கத்தை அதிகாரம் எப்படிப் பார்க்கும் என்பதற்கு நம் சென்னையே சாட்சி. ஐ.ஐ.டி.யில் 2014இல் தொடங்கின அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தை, பேர் போடாத ஒரு மொட்டைக் கடுதாசியை வைத்து 2015 மே மாதம் அங்கீகாரம் நீக்கினார்கள். நாடு முழுக்கச் சத்தம் எழும்பியது. ஜூன் மாசமே திருப்பிக் கொடுத்தார்கள். விழா நடத்துகிற மன்றத்துக்கு யாராவது மொட்டைக் கடுதாசி எழுதுவானா? கேள்வி கேட்கிற மன்றத்துக்குத்தான் வரும்.

சரி, மன்றம் வேண்டும் என்று ஒத்துக்கொள்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதில் யார் உட்காருவது? சிக்கல் இங்கேதான். மாணவர் தேர்தலுக்கு விதி சொன்ன லிங்டோ குழு 2006இல் அறிக்கை கொடுத்தது. உச்ச நீதிமன்றம் அதே வருஷம் அதை ஏற்றது. போட்டி போடுகிறவருக்கு 75 விழுக்காடு வருகை இருக்க வேண்டும், அந்த வருஷம் அரியர் இருக்கக் கூடாது. கேட்க நியாயம் மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் சீசன் நேரத்தில் வீட்டுக் கடனுக்காக மருந்து வேலைக்குப் போய்விட்டு வருகிற பிள்ளைக்கு வருகை எப்படி 75 வரும்? அந்தப் பிள்ளைக்கு அரியர் இல்லாமல் இருக்குமா? எவனுக்குப் பிரச்சினை இருக்கிறதோ அவன் பிரதிநிதி ஆக முடியாது. எவனுக்குப் பிரச்சினையே இல்லையோ அவன்தான் பிரதிநிதி. நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் தேர்தலே கிடையாது. வாத்தியார் கைகாட்டுகிற பிள்ளைதான் ரெப். பல்கலைக்கழக மானியக் குழு 2023இல் மாணவர் குறைதீர்ப்புக்கு விதி போட்டது. அந்தக் குழுவில் ஒரு பெண், தலித்/பழங்குடி/பிற்பட்ட பிரிவில் ஒருவர் இருக்கணும் என்றெல்லாம் எழுதியிருக்கிறது, நல்லது. ஆனால் மாணவர் பிரதிநிதி? படிப்பில் சிறந்தவர், விளையாட்டில் சிறந்தவர், கலை நிகழ்ச்சியில் சிறந்தவர் என்று பார்த்து நியமிக்க வேண்டுமாம், அதுவும் சிறப்பு அழைப்பாளராக. குறை உள்ளவனின் குறையைச் சொல்ல குறையே இல்லாதவன்!

இன்னொரு வார்த்தை இருக்கிறது: தன்னார்வம். நாக்கில் தேன் தடவின மாதிரி வார்த்தை. சம்பளமில்லாமல் பொதுவேலை பார்ப்பது நம் சனத்துக்குப் புதுசா? சாவுச் சேதி சொல்லப் போனோம், பறையடித்தோம், ஊர்க் கண்மாய்க்கு மடை பார்த்தோம், செத்த மாடு தூக்கினோம். அதற்குப் பேர் தன்னார்வம் என்று எவனும் சொல்லவில்லை. வெட்டி என்றார்கள். இன்றைக்கும் துறையில் விழா என்றால் மேடையில் மைக் பிடிக்கிறவர் ஒரு சாதி, பெஞ்சு தூக்கிப்போடுகிறவர் வேறு சாதி என்று ஆகிப்போகிற இடங்கள் உண்டு. மைக் பிடித்ததற்குச் சான்றிதழ் கிடைக்கும். பெஞ்சு தூக்கினதற்கு டீ கிடைக்கும். தன்னார்வத்துக்கும் வெட்டிக்கும் வித்தியாசம் என்ன என்று நாம் தெளிவாகச் சொல்லிவிடணும்: வேலையைத் தீர்மானிக்கிற இடத்தில் நாமும் உட்கார்ந்திருந்தால் தன்னார்வம். தீர்மானம் அங்கே, சுமை இங்கே என்றால் வெட்டி.

தன்னார்வத்துக்கு நேரம் வேண்டும். நேரம் காசு உள்ளவனிடம்தான் இருக்கிறது. சாயங்காலம் நாலரைக்கு மேல் மன்றக் கூட்டம் என்றால் வெம்பக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற பெண்பிள்ளை எப்படி வருவாள்? சனிக்கிழமை கூட்டம் என்றால் அன்றைக்குச் சம்பள நாள், வேலைநாள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்ததில் 20 பேருக்கு மேல் கருகிப்போனார்கள். அதில் ஒரு கல்லூரி மாணவியும் உண்டு. படிக்கிற வயசில் அந்தப் பிள்ளை அங்கே ஏன் இருந்தது என்று எந்தத் துறையாவது கூட்டம் போட்டு யோசித்ததா? 'எங்கள் மாணவர்களில் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள், எந்த ஆபீசுக்கு, எதற்காக?' என்று கேட்டு எழுதி வைத்திருக்கிற துறை இந்த மாவட்டத்தில் இருந்தால் நாம் நேரில் போய் மாலை போடத் தயார். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கின பாபாசாகேப், வேலைக்குப் போகிற பிள்ளைகளும் படிக்கத் தோதாகக் காலை வகுப்பு வைத்தார். அங்கே மாணவர் பாராளுமன்றமும் நடந்தது, அதிலே அவரே போய்ப் பேசினார். பிள்ளையின் நேரத்துக்குக் கல்லூரி வளைந்தது. மன்றக் கூட்டம் வகுப்பு நேரத்துக்குள் நடக்கட்டும், அதற்கு வருகை கொடுக்கட்டும் என்று நாம் கேட்பதும் அந்த வழியில்தான்.

இனி, மன்றம் என்ன செய்யும்? கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறோம். பத்தாம் வகுப்புக்கு மேலே படிக்கிற நம் பிள்ளைகளுக்கான உதவித்தொகை, அம்பேத்கர் வைஸ்ராய் கவுன்சிலில் இருந்த காலத்தில், 1944இல் தொடங்கியது. 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை அதை மாற்றியது. செலவில் 60 பங்கு ஒன்றிய அரசு, 40 பங்கு மாநிலம். ஒன்றியப் பங்கு மாணவர் கணக்குக்கே நேராக வரும். ஆதாரை வைத்து வரும். இங்கேதான் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கு, கல்லூரி சொன்னது என்று இன்னொரு கணக்கு, மொபைல் கடையில் கைரேகை வைத்ததில் தெரியாமலே மூன்றாவது கணக்கு. எந்தக் கணக்கில் ஆதார் கடைசியாக இணைக்கப்பட்டதோ, பணம் அங்கேதான் போகும். பிள்ளை பழைய பாஸ்புக்கை வைத்துக்கொண்டு 'வரலை வரலை' என்று அழும். பணம் வந்திருக்கும், வேறெங்கோ தூங்கும். எந்த வங்கியில் ஆதார் இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே இரண்டு நிமிஷத்தில் பார்த்துவிடலாம். ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கை, இரண்டு வருஷம் வரவு செலவு இல்லை என்று செயலற்ற கணக்காக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஏப்ரலிலிருந்து அது அமல். கவுண்டரில் யாராவது 'கணக்கு செத்துப்போச்சு, புதுசா ஆரம்பி' என்றால் இதைச் சொல்லலாம். அதே மாதிரி, தமிழ்நாடு அரசின் 2012 செப்டம்பர் 11 தேதியிட்ட ஆதிதிராவிடர் நலத்துறை அரசாணை 92. சுயநிதிக் கல்லூரியில் தகுதியுள்ள தலித்/பழங்குடிப் பிள்ளைகளிடம் அரசே ஏற்கிற கட்டாயக் கட்டணங்களைக் கேட்காமல் இருப்பதற்கு வந்தது அது. 2017இல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேருகிறவர்களுக்கு அதைச் சுருக்கினார்கள். யார் எதில் சேர்ந்திருக்கிறார், எது பொருந்தும் என்பதைச் சேரும்போதே சொல்ல ஒரு ஆள் வேண்டும். முதல் வாரத்திலேயே ஒரு மேஜை போட்டு, இதை மட்டும் பார்க்க இரண்டு சீனியர் பிள்ளைகள் உட்கார்ந்தால் எத்தனை பேர் படிப்பு நிற்காமல் போகும்!

இரண்டாவது, ஒரு பதிவேடு. நம்ம வெம்பக்கோட்டை மேட்டில் 2022 மார்ச்சிலிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை குழி போட்டுத் தோண்டியது. சங்கு வளையல் துண்டு, பாசிமணி, சுடுமண் பொம்மை என்று ஒவ்வொன்றையும் எந்தக் குழியில், எத்தனை செ.மீ. ஆழத்தில் கிடைத்தது என்று எழுதி எண் போட்டார்கள். செய்ய வேண்டியதுதான், அதிலே நம் முன்னோர் கைவேலையும் இருக்கும். உடைந்த வளையலுக்கு இருக்கிற எண், இடையில் நின்றுபோன பிள்ளைக்கு இல்லையே! முதல் பருவத்தில் 60 பேர், மூன்றாம் பருவத்தில் 47 பேர் என்றால் அந்த 13 பேர் எந்த ஆழத்தில் கிடக்கிறார்கள்? பத்து நாள் வராத பிள்ளையின் பேரை எழுது. போன் போடு. எடுக்கவில்லையா, இரண்டு பேர் வீட்டுக்குப் போ. காரணத்தை எழுது. துறைத்தலைவர் மேஜையில் மாசா மாசம் அந்தத் தாளை வை, நகலுக்குக் கையெழுத்து வாங்கு. நகலில் விழுகிற கையெழுத்துக்குப் பிறகு 'எனக்குத் தெரியாது' என்று எவரும் சொல்ல முடியாது. பழைய கேள்வித்தாள், சீனியர் நோட்ஸ், இன்டர்னல் மார்க் பட்டியலை எல்லோர் பார்வைக்கும் ஒட்டச்சொல்வது, இதெல்லாம் அந்தப் பதிவேட்டுக்குப் பின்னால் தானாக வரும்.

'மாணவருக்குள்ளே சாதியைக் கொண்டுவராதீங்க' என்று உபதேசம் வரும். உதவித்தொகை பாக்கியில், கைடு இல்லாத பட்டியலில், விடுதிச் சாப்பாட்டு வரிசையில் அது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. நாம் அதைக் கண்டுபிடித்துச் சொல்கிறோம், கொண்டுவரவில்லை. 'கவுன்சலிங் கொடுக்கலாம்' என்று இன்னொரு தரப்பு சொல்லும். மனசு நொந்த பிள்ளைக்கு ஆறுதல் தேவைதான், மறுக்கவில்லை. ஏழு மாசம் பணம் வராத பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது? மாணவர் தற்கொலைகளைப் பற்றி ஆராய 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு தேசியப் பணிக்குழுவையே அமைக்க வேண்டியதாயிற்று. டெல்லியில் குழு அமைந்தது. அதன் காது வெம்பக்கோட்டைப் பிள்ளை உட்காருகிற கடைசி பெஞ்சு வரைக்கும் நீளணும் என்றால் நடுவில் துறை மன்றம் இருக்கணும்.

நம் தோழர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரல் 14க்குப் போஸ்டர் ஒட்ட நாற்பது பேர் வருகிறார்கள், சந்தோஷம். ஜூனில் ஸ்காலர்ஷிப் பாரம் நிரப்ப நாலு பேர் வருவதில்லை. பாரம் நிரப்புவது கோஷம் மாதிரிச் சூடாக இருக்காதுதான். ஆனால் கோஷம் போட அடுத்த வருஷமும் அந்தப் பிள்ளை கல்லூரியில் இருக்க வேண்டாமா? ஆசிரியர், தாலுகா ஆபீஸ், வங்கி, மின்வாரியம், போக்குவரத்து என்று மாசச் சம்பளம் வாங்குகிற நம்மவர்கள் இந்தத் தாலுகாவில் கொஞ்சப் பேரா இருக்கிறோம்? இடஒதுக்கீட்டில் ஏறி வந்த நாம்தான் இந்தப் பிள்ளைகளுக்கு இல்லாத பெரியப்பா, இல்லாத அத்தை. கல்லூரி திறக்கும் முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலனி மண்டபத்தில் உட்காருவோம். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் இணைப்பு எல்லாம் பார்த்து, நம் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்து அனுப்புவோம். ராத்திரி பத்து மணிக்கு அடித்தாலும் எடுப்போம்.

போகிற பிள்ளைகளுக்கு: தாயி, தம்பி, உங்க துறையில் மன்றம் இருந்தால் அதற்குள்ளே போய் உட்காருங்க. பெஞ்சு தூக்கச் சொன்னால் எல்லாரோடும் சேர்ந்து தூக்குங்க, பேனாவையும் கேட்டு வாங்குங்க. மன்றம் இல்லையென்றால் நாலு பேர் சேர்ந்து ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்க. முதல் பக்கத்தில் வகுப்பில் உள்ள எல்லோர் பேரையும் எழுதுங்க. பத்து நாளாக வராதவர் யாரென்று பாருங்க. அந்த வீட்டுக்குப் போகிற பஸ் எதுவென்று விசாரிங்க.